எந்தக் குரூட்?

என் மாமியார் தாயம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாரைக் கேட்டாலும் பதில் அவர்தான் சொல்வார். லுக்குட் பாசாரில் மீன்காரர் என்னைப் பார்த்து என்ன வேண்டும் என்று கேட்டால், எனக்குப் பின்னாலிருந்து "கெம்போங் ஒரு கிலோ, வெட்டிக் குடு" என்று அத்தையின் குரல் வரும். எங்கள் கல்யாணப் பதிவில் அதிகாரி என்னைப் பார்த்து "சம்மதமா?" என்று கேட்டபோதுகூட, "அதெல்லாம் சம்மதம்தான் சார்" என்றது அவர்தான். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அதனால், நாலு வருடமாகியும் பிள்ளை இல்லையே என்று சிரம்பானில் ஒரு கிளினிக்குக்குப் போகத் தீர்மானித்தபோது, என் வீட்டுக்காரர் திருச்செல்வத்திடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன், நாம் இரண்டு பேர் மட்டும் போவோம் என்று. சரி என்றார். காலையில் காரைத் திறந்தால் முன் சீட்டில் அத்தை, கைப்பையை மடியில் வைத்து, பெல்ட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"நீங்க சின்னஞ்சிறுசுங்க. டாக்டர்கிட்ட என்னா பேசணும்னு உங்களுக்குத் தெரியாதுலா," என்றார்.

நான் பின் சீட்டில் ஏறி, கண்ணாடி வழியாகச் செல்வத்தை முறைத்தேன். அவர் ரோட்டைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தார். கார் இன்னும் கிளம்பவே இல்லை.

நாங்கள் இருப்பது புக்கிட் பெலண்டோக் பக்கம், ஒரு செம்பனைத் தோட்டத்தில் இன்னும் இடிக்காமல் விட்டு வைத்திருக்கும் ஒரு வரிசை வீடுகளில். மாமனார் சன்னாசி அந்தத் தோட்டத்து ஆலையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்ந்தவர். பழத்தை அவித்துப் பிழிந்ததும் வருகிற சிவப்பு எண்ணெய்க்கு ஆலையில் குரூட் என்று பெயர். மலாயில் மிஞாக் மெந்தா, அதாவது சுத்திகரிக்காத பச்சை எண்ணெய். தோட்டத்தில் பிறந்தவர்களுக்குக் குரூட் என்றால் அது ஒன்றுதான். மாமா அந்தக் குரூட்டிலேயே ஊறி ஆறு பிள்ளைகளைப் பெற்றார். செல்வம் நாலாவது.

செல்வத்துக்கும் குரூட்டில்தான் வேலை. ஆனால் இது பூமிக்கு அடியிலிருந்து எடுத்துக் கப்பலில் வரும் கறுப்பு எண்ணெய். அதைத் தேக்கி வைக்கும் டேங்க் ஒவ்வொன்றும் ஒரு சினிமா தியேட்டர் அளவு இருக்குமாம். சில வருடங்களுக்கு ஒருமுறை எண்ணெயை வடித்துவிட்டு, அடியில் தங்கிய சேற்றை ஆள் இறங்கித்தான் வாரிக் கழுவ வேண்டும். அதற்கென்று இருக்கும் ஒரு கண்ட்ராக்ட் கூட்டத்தில் அவர் இருந்தார். போர்டிக்சன், மலாக்கா, ஜொகூர் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவார்கள்.

அந்த வேலையை அவர் விரும்பித்தான் செய்தார். படிப்பு ஏறாத பையன் என்று பள்ளியில் பெயர் வாங்கி, அதற்குப் பிறகு போன இடத்திலெல்லாம் 'டேய்' என்று கூப்பிடப்பட்டவருக்கு டேங்க்கில்தான் மரியாதை கிடைத்தது. காற்றைச் சோதிக்கும் கருவி சரி என்று காட்டினாலும், செல்வம் முதலில் உள்ளே போய் "வாங்கடா" என்று சொன்னால்தான் மற்றவர்கள் இறங்குவார்கள். சூப்பர்வைசர் ஹேமநாதன் லீவு நாளிலும் போன் போட்டு, "செல்வம், அடுத்த வேலைக்கு நீ இருக்கேலா?" என்று கேட்டு உறுதி செய்துகொள்வார். அந்தப் போன் வரும்போது என் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்க வேண்டும். எனக்குத் தாலி கட்டியபோதுகூட அப்படி ஒரு பூரிப்பை நான் பார்க்கவில்லை.

உள்ளே வெக்கை தாங்காமல் முகமூடியை அவ்வப்போது கழுத்துக்கு இறக்கிக்கொள்கிறார் என்பது எனக்குத் தெரியும். வீட்டுக்கு வரும்போது மூக்கைச் சுற்றிக் கறுப்பாக இருக்குமே. வந்ததும் பாத்திரம் கழுவுகிற சோப்பை உடம்பெல்லாம் தேய்த்து, அதற்கு மேல் எலுமிச்சம்பழம் தேய்த்து, குளியலறையை ஒரு பாடு படுத்திய பிறகுதான் என் பக்கத்தில் வருவார். அப்போதும் காது மடலுக்குப் பின்னால் அந்த வாசம் மிச்சமிருக்கும். நான் அங்கே மூக்கை வைத்து, "பெட்ரோல் ஸ்டேஷனைக் கட்டிக்கிட்டேன்" என்பேன். "ஃபுல் டேங்க்கா?" என்று கேட்பார் அந்த வெட்கம் கெட்ட மனிதர். எனக்கு அந்த வாசம் பிடித்திருந்தது. அவருடைய வேலை உடுப்பைத் தனி வாளியில் ஊறவைத்து நான்தான் துவைப்பேன். துவைத்த பிறகும் என் கையில் அந்த வாசம் இருக்கும்; அன்று முழுவதும் அவர் கூடவே இருப்பதுபோல் தோன்றும்.

கிளினிக்கில் டாக்டர் நோராய்னி என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். மலாயில் மெதுவாக, பயப்படாதே என்பதுபோல் பேசினார். என்னைக் கேட்டதற்கெல்லாம் அத்தை பதில் சொன்னார், எனக்கு மட்டுமே தெரிந்திருக்க வேண்டிய மாதவிலக்குத் தேதி உட்பட. பிறகு டாக்டர் செல்வத்தைப் பார்த்து என்ன வேலை என்று கேட்டார்.

"மிஞாக் மெந்தா, டாக்டர்!" என்றார் அத்தை. "குரூட்! பாப்பாக் டியா புன் குரூட். அனாக் எனாம்!"

இவன் அப்பனுக்கும் குரூட்தான், பிள்ளை ஆறு என்று விரலை வேறு விரித்துக் காட்டினார். செல்வம் சுவரில் தொங்கிய காலண்டரை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

டாக்டர் சிரித்துவிட்டார். அவர் ஜெம்போல் பக்கம் பெல்டா என்கிற அரசாங்கத் தோட்டக் குடியேற்றம் ஒன்றில் பிறந்தவராம். அவர் அப்பாவும் செம்பனைக்காரர்தானாம். "எங்கள் பள்ளிக்கூடம் ஆலைக்குப் பக்கத்தில். குரூட் வாசத்தில்தான் நான் பாடம் படித்தேன்," என்றார்.

"நம்ம ஆளுலா," என்று அத்தை என் காதில் சொன்னார். கிளினிக்கை அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

பரிசோதனையில் செல்வத்துக்கு விந்தணு சற்றுக் குறைவு என்று வந்தது. டாக்டர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சூடான இடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அப்படி இருப்பதுண்டு, தளர்வாக உடுத்துங்கள், வெந்நீரில் குளிக்காதீர்கள் என்றார். டேங்க்கும் வெயிலில் கொதிக்கிற இடம்தானே. அவர் ஆலைச் சூட்டைச் சொல்ல, நாங்கள் டேங்க் சூட்டை நினைத்துத் தலையாட்ட, பேச்சு அழகாகப் பொருந்திப்போயிற்று. ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் வீட்டில் கைலியைத் தவிர வேறு எதுவும் கட்டவில்லை. எனக்கு மாத்திரையும் வயிற்றில் ஊசியும் ஆரம்பமாயின. ஊசி போட்டால் வயிறு உப்பும், முகம் வீங்கும், காரணமில்லாமல் அழுகை வரும். செண்டாயானில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் கார்களுக்கான வயர்களைச் சரிபார்க்கும் வேலை எனக்கு. சிவப்பு வயரையும் பச்சை வயரையும் பார்த்தபடி சும்மாவே அழுதுகொண்டிருப்பேன். பக்கத்து மேசை மலாய்ப் பெண் டிஷ்யூவை நீட்டுவாள்.

அத்தை ஒரு நாளும் என்னைக் குத்திப் பேசியதில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். ஊசி போடும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு அவர்தான் "ஸ்ஸ்" என்பார். மாதம் தவறாமல் எனக்கு வந்துவிடுகிற அந்த நாளில் மைலோ கலக்கிக் கொண்டுவந்து வைத்து, "அடுத்த மாசம் பாத்துக்கலாம்டி" என்பார். ஆனால் சொந்தக்காரர்கள் யார் விசாரித்தாலும், "மருமவளுக்கு மருந்து நடக்குது" என்று சொல்லிவிடுவார். அதில் பொய் எதுவும் இல்லை. மருந்து எனக்குத்தானே நடந்தது. அதனால் நெகிரி செம்பிலானில் எங்களுக்கு இருக்கிற அத்தனை சொந்தத்துக்கும் கோளாறு யாரிடம் என்பது தெரிந்திருந்தது. கல்யாண வீடுகளில் பெண்கள் என் வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் என் முகத்தைப் பார்ப்பார்கள்.

இப்படியே இரண்டு வருடம் போயிற்று. டாக்டர் செல்வத்துக்கு மறுபடியும் பரிசோதனை எழுதினார். முடிவைக் கேட்கப் போக வேண்டிய நாளில் அத்தை ஊரில் இல்லை. செல்வத்தின் கடைசித் தங்கை ரதி முழுகாமல் இருந்தாள். அவளைப் பார்த்துக்கொள்ள நீலாய் போயிருந்தார். செல்வத்துக்கோ வேலை முடியத் தாமதமாகிவிட்டது. குளிக்க நேரமில்லாமல், வேலை உடுப்போடு நேராகக் கிளினிக்குக்கு வந்து சேர்ந்தார். வாசலில் நின்ற என்னைப் பார்த்து, "வாசம் வருதா?" என்றார்.

"சிரம்பானுக்கே வருது," என்றேன்.

அறைக்குள் ஏர்கோன் ஓடியது, கதவு சாத்தியிருந்தது. டாக்டர் கணினியில் முடிவைப் பார்த்துக்கொண்டே, முதல் தடவையைவிட நன்றாகக் குறைந்திருக்கிறதே, இருப்பதும் சரியாக நகரவில்லையே என்று சொல்லிக்கொண்டு வந்தவர் பாதியில் நிறுத்தினார். மூக்கைச் சுருக்கினார்.

"இது என்ன வாசம்?"

செல்வம் கூச்சத்தோடு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். "மன்னிச்சுக்குங்க டாக்டர். வேலையிலேர்ந்து நேரா வந்துட்டேன். குரூட்."

"குரூட் இப்படி இருக்காதே. எனக்குத் தெரியாத குரூட்டா?" டாக்டர் அவருடைய உடுப்பைப் பார்த்தார், நகங்களைப் பார்த்தார். "எந்தக் குரூட்?"

எங்களுக்காகப் பதில் சொல்ல அன்று யாரும் இல்லை. செல்வம்தான் சொன்னார். கப்பல், டேங்க், அடியில் தங்கும் சேறு, அதில் இறங்கி வாருவது எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார்.

"முகமூடி?"

"போடுவேன்," என்றார் செல்வம்.

"கழட்டவும் செய்வாரு," என்றேன் நான்.

"துணியை யார் துவைப்பது?"

பள்ளிக்கூடப் பிள்ளைபோல் கையைத் தூக்கினேன்.

டாக்டர் கண்ணாடியை மறுபடியும் மாட்டிக்கொண்டு, "நான் செம்பனை என்றே நினைத்துவிட்டேன். இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். மன்னித்துக்கொள்ளுங்கள்," என்றார். ஒரு டாக்டர் எங்களிடம் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை. எங்களுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அந்தக் கறுப்பு எண்ணெயின் ஆவி மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் ரத்தத்தில் கலக்கிறது, வருடக்கணக்கில் அதில் கிடக்கிற ஆண்கள் பலருக்கு விந்தணு குறைவதையும் அதன் ஓட்டம் மந்தமாவதையும் ஆராய்ச்சிகளில் பார்த்திருக்கிறார்கள் என்றார். எல்லோருக்கும் ஆவதில்லை. உங்களுக்கு அதனால்தான் என்று சத்தியம் செய்யவும் முடியாது. ஆனால் உடம்பு விந்தணுவைப் புதிது புதிதாகச் செய்துகொண்டேதான் இருக்கும். ஒரு சுற்றுக்கு மூன்று மாதம் பிடிக்கும். அந்த வேலையை விட்டு விலகியிருந்து பிறகு பார்ப்போம். திரும்பி வர வாய்ப்பு இருக்கிறது.

செல்வம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அப்போ இவளுக்கு?"

"இவருக்கு முதலிலிருந்தே எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் பக்கத்துக் குறைவை ஈடுகட்டத்தான் இவருக்கு ஊசி போட்டோம்."

திரும்பும்போது அவர் லுக்குட் முச்சந்தியில் பச்சை விளக்கு விழுந்தும் காரை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். பின்னால் லோரிக்காரன் ஹாரனை அழுத்தினான்.

"ரெண்டு வருஷமா உன் வயித்துல குத்திக்கிட்டு இருந்திருக்காங்க," என்றார். "நான் கைலியைக் கட்டிக்கிட்டு டிவி பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்."

"கைலியில நல்லாத்தான் இருந்தீங்க," என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்துவிட்டது. காரை ஓரம் கட்டச் சொல்லி, கியரின் மேல் இருந்த அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்குக் கோபம் வரவில்லை. எண்ணெய் படிந்த அந்தக் கையின் மேல் எனக்கு அவ்வளவு பிரியம் வந்தது, என்ன செய்வது என்றே தெரியவில்லை.

"வேலையை விட்டுடுங்க. எங்க ஃபேக்டரியில ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட ஆள் தேடறாங்க. உங்ககிட்டதான் லைசென்ஸ் இருக்கே."

"உன் ஃபேக்டரிலயா? நீ என்னைச் செக் பண்ணி ரிஜெக்ட் போட்டுடுவே." முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு குரல் இறங்கியது. "விட்டுடலாம். அதுல ஒண்ணும் இல்ல. ஆனா ஹேமநாதன் ஏன்னு கேப்பாரு. பசங்க கேப்பாங்க. அவங்ககிட்ட என்னான்னு சொல்லுவேன் குமுதா?"

அந்த ஒன்றைச் சொல்ல வாய் வந்தால்தான் அவரால் டேங்க்கை விட முடியும் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

அத்தை நீலாயிலிருந்து திரும்பியதும் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் நம்பவே இல்லை.

"குரூட்டுனால புள்ள வராதாமா? நல்ல கதையா இருக்கே! இவங்க அப்பாரு முப்பது வருஷம் குரூட்டுலதானே கெடந்தாரு? எனக்கு ஆறு பொறக்கலயா? அவருக்குச் செவப்பு, இவனுக்குக் கறுப்பு, அவ்வளவுதான்லா வித்தியாசம்!"

மூலையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த மாமா கோப்பையைக் கீழே வைத்தார். வருடத்துக்கு நாலு வார்த்தை பேசுகிறவர்.

"தாயம்மா, என் குரூட்டுல நீ வடை சுடலாம். அவன் குரூட்டுல சுடுவியா?"

அத்தை வாயைத் திறந்தார். பதில் வரவில்லை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து வந்து என் தாடையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்லாத புள்ளையப் போட்டுப் படுத்திட்டோமேடி" என்று அழுதார். நானும் அழுதேன். அதோடு விட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு, "இது வெளிய தெரிய வேணாம்," என்றார். "ஆம்பளப் பேரு கெட்டுடும். யாராவது கேட்டா உனக்கு மருந்து நடக்குதுன்னே சொல்லிக்குவோம். நீ பொறுமசாலிடி."

எனக்கு வந்ததே ஒரு கோபம். "அப்ப என் பேரு கெட்டாப் பரவாயில்லையா அத்தை?" என்று கத்திவிட்டேன். அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவரிடம் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அத்தை திகைத்துப்போய்ச் செல்வத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதன் பிறகு அவரோடு நான் பேசவில்லை. சோறு போட்டேன், தட்டை எடுத்தேன், அவ்வளவுதான். காதுப் பக்கம் போகவே இல்லை. அவர் வழக்கம்போல் வேலைக்குப் போனார், வந்தார், சோப்பும் எலுமிச்சம்பழமும் தேய்த்துக் குளித்தார். மலாக்காவில் ஒரு பெரிய டேங்க் வரப்போகிறது என்று ஹேமநாதன் தினமும் போன் போட்டார். செல்வம் "ம்" என்பார், "பாக்கலாம்ணே" என்பார். முடியாது என்று ஒரு நாளும் சொல்லவில்லை. பிள்ளை வேண்டும் என்று எனக்கு ஆசைதான், வயிறு வலிக்கிற அளவுக்கு ஆசை. ஆனால் அந்த வாரத்தில் அதைவிடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது. இவர் வாயைத் திறந்து ஒரே ஒரு தடவை உண்மையைச் சொல்லிவிட மாட்டாரா என்பதுதான் அது. சொல்லிவிட்டால் பிள்ளை வந்தாலும் வராவிட்டாலும் இந்த மனிதரோடு கடைசிவரை சிரித்துக்கொண்டே இருந்துவிடுவேன் என்று நினைத்தேன்.

மலாக்கா டேங்க் திங்கட்கிழமை திறப்பதாக இருந்தது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ரதிக்கு வளைகாப்பு.

வாசலில் கெமா, கூடாரம், போட்டு ஆண்கள் எல்லாம் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். கூடத்தில் பெண்கள். அத்தையின் தங்கை லோகேஸ்வரிதான் எல்லாவற்றையும் முன்னின்று நடத்தினார். எனக்குச் சின்னத்தை, செல்வத்துக்குச் சித்தி. ரதிக்குக் கன்னத்தில் சந்தனம் பூசி, இரண்டு கை நிறையப் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல் அடுக்கி, அவள் கையை ஆட்டும்போதெல்லாம் கூடமே கலகலத்தது. அவள் அழகாக இருந்தாள். எனக்குப் பொறாமையாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

மாசமாக இருப்பவளை எழுப்பிய பிறகு, பிள்ளைக்குக் காத்திருக்கும் ஒருத்தியை அதே மணையில் உட்கார வைத்து மிச்ச வளையலைப் போடுவது வழக்கம். அடுத்தது அவளுக்கு என்று அர்த்தம். பல வீடுகளில் அந்த மணையில் நான் உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். சின்னத்தை கூடத்தைச் சுற்றிப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, எல்லோரும் எதிர்பார்த்தபடி என்னிடம் வந்து நின்றார்.

"குமுதா, வாம்மா. உனக்குத்தான் மருந்து நடக்குதே, இதுவும் சேந்துக்கட்டும்."

பெண்கள் பரிதாபமாக உச்சுக் கொட்டினார்கள். நான் அத்தையைப் பார்த்தேன். அவர் சந்தனக் கிண்ணத்தைக் கலக்கிக்கொண்டிருந்தார், கலக்க அதில் ஒன்றுமே இல்லை. நல்ல நாளில் ரதியின் விசேஷத்தைக் கெடுக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தேன்.

"சித்தி, இருங்க."

செல்வம் கூடத்து வாசலில் நின்றார். வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக இருந்தார். பெண்கள் கால்களை மடக்கி வழிவிட, நேராக நடந்து வந்து, நான் உட்காருவதற்கு முன்னால் அந்த மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"வளையலை எனக்குப் போடுங்க," என்றார்.

"டேய், என்னாடா வெளையாட்டு?"

"வெளையாட்டு இல்ல சித்தி. கோளாறு எங்கிட்டதான். குமுதாவுக்கு ஒண்ணுமே இல்ல. எனக்காகத்தான் ரெண்டு வருஷமா ஊசி வாங்கியிருக்கா." அவருடைய காது இரண்டும் சிவந்துவிட்டன. ஆனாலும் நிறுத்தவில்லை. "என் வேலையில அந்த எண்ணெய்ல கெடக்கறதுனால இருக்கலாம்னு டாக்டர் சொல்றாங்க. எல்லாரும் இவளையே பாக்கறீங்க. இனிமே என்னைப் பாருங்க."

எங்கோ ஒரு பெண் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் விழுங்கினாள்.

"ஆம்பளைக்கு வளையல் போடற வழக்கம் இல்லடா," என்றார் சின்னத்தை மெதுவாக.

"புள்ள வேணும்னு கேக்கறவங்களுக்குத்தானே சித்தி போடறீங்க? நானும்தான் கேக்கறேன்."

முதலில் அசைந்தது அத்தைதான். சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, தட்டில் வளையல்களைக் கிளறி, இருப்பதிலேயே பெரியதாக ஒரு பச்சை வளையலை எடுத்தார். மகன் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"கையை நீட்டுடா," என்றார்.

விரல் முட்டியில் வளையல் சிக்கிக்கொண்டது. பாத்திரத்தில் சோப்புத் தண்ணீர் வந்தது. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கையை நனைத்து, கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கிப் பிடித்தேன். கண்ணாடி வளையல் போடும்போது உடையக்கூடாது. அத்தனை பெண்களும் எட்டிப் பார்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். இருட்டு டேங்க்குக்குள் முதல் ஆளாக இறங்குகிறவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார்.

"கையைத் தளர விடுங்க," என்றேன். அந்த வாரத்தில் அவரிடம் நான் பேசிய முதல் பேச்சு.

அவர் மூச்சை விட்டார். வளையல் முட்டியைத் தாண்டி இறங்கி மணிக்கட்டில் உட்கார்ந்தது. பெண்கள் சத்தம் போட்டுச் சிரித்தார்கள், கை தட்டினார்கள். ரதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சின்னத்தை அவருடைய கன்னத்திலும் சந்தனத்தைப் பூசிவிட்டார்.

அப்போது அவருடைய சட்டைப் பையில் போன் அடித்தது. ஹேமநாதன். செல்வத்தின் கையெல்லாம் சோப்பு. நான்தான் போனை எடுத்து, சத்தமாக வைத்து, அவர் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தேன்.

"செல்வம், நாளைக்குக் காலையில மலாக்கா. நீதான் மொத ஆளு. ரெடிலா?"

டேங்க்கில் இறங்குகிறவன் கையில் மோதிரம், கடிகாரம், கோயிலில் கட்டிய கறுப்புக் கயிறு எதுவுமே இருக்கக்கூடாது. வாசலிலேயே சோதித்துக் கழற்றச் சொல்வார்கள். செல்வம் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வர முடியாதுண்ணே. வளையல் போட்டிருக்கேன்."

"என்னாது?"

"வளையல்ணே. கண்ணாடி வளையல். எங்களுக்குப் புள்ள இல்லல்ல, அதுக்காக. கொறை எனக்குத்தான்."

ஹேமநாதனும் நாலு பேரைப் பெற்றவர்தான். கேட்ட குரலில் கோபம் இல்லை. "சரிப்பா. அத எப்ப கழட்டுவே?"

செல்வம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"புள்ள பொறந்த பெறகுண்ணே," என்றார்.